மூன்று வயதில் பொறுமை, ஆறு வயதில் பதற்றம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஆரம்பப் பிரிவில் 31 ஆண்டுகள், அதிலும் பெரும்பகுதி தரம் 1 இல், கற்பித்து ஓய்வுபெற்றவள் நான். இப்போது நான்கு வயதுப் பேரன் ஒருவனுக்கு அம்மம்மா. சிறுபிள்ளைகளை விருத்தி மதிப்பீட்டுக்கும் கற்றல் மதிப்பீட்டுக்கும் கொண்டுசெல்வது பற்றி எங்கள் திருகோணமலையில் எடுக்கப்படும் முடிவுகள் பெரும்பாலும் தலைகீழாக இருக்கின்றன என்பதைத் தங்கள் பத்திரிகை வாயிலாகச் சொல்ல விரும்புகிறேன். மூன்று வயதுப் பிள்ளை கதைக்கவில்லை என்றால் பொறுத்திருக்கிறோம். அதே பிள்ளை ஆறு வயதில் கொப்பியில் "அம்மா" என்று எழுதவில்லை என்றால் அடுத்த கிழமையே கொழும்புக்கு ரயில் ஏறுகிறோம். முதலாவதற்கு ஒரு மாதமேனும் பொறுக்கக் கூடாது. இரண்டாவதற்குச் சில மாதங்களாவது பொறுக்கத்தான் வேண்டும். ஊரார் தவறு என்று இதை எழுதவில்லை. என் வீட்டில் இந்தத் தவற்றைச் செய்தவள் நானே.

பேரனுக்கு இரண்டு வயது நிறைந்தபோது அவனிடம் ஐந்தாறு சொற்களே இருந்தன. தண்ணீர் வேண்டுமென்றால் தாயின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் குடத்தின் மேல் வைப்பான். விரல் நீட்டிக் காட்ட மாட்டான். மகள் பயந்தாள். நானோ, இத்தனை வருடம் பிள்ளைகளோடு புழங்கியவள் என்ற மிதப்பில், "ஆம்பிளைப் பிள்ளை பிந்தித்தான் கதைப்பான், கொண்ணனும் மூண்டரை வயசிலதான் வாய் திறந்தவன்" என்று அவளை அடக்கிவிட்டேன். பிள்ளை வளர்ப்பான் என்று பெயர்பெற்ற வசம்பை உரைத்து நாவில் தடவினோம். கோணேசருக்கு நேர்த்தி வைத்தோம். இவற்றில் எதையும் நான் இழிவாகச் சொல்லவில்லை. நேர்த்தி வைத்த அன்றே கிளினிக்குக்கும் போயிருக்கலாம் என்பதுதான் என் வருத்தம். நாங்கள் போனபோது அவனுக்கு வயது மூன்றும் இரண்டு மாதமும். பதினான்கு மாதங்கள் என் வாய்ச்சொல்லால் போயின.

கிளினிக்குக்குப் புறப்பட்ட அன்றுதான், பிள்ளை பிறந்தவுடன் தரப்படும் சுகாதார விருத்திப் பதிவேட்டை நான் முதன்முறையாக முழுதாகப் புரட்டினேன். நிறை வரைபடத்தில் மாதம் தவறாமல் புள்ளி இருந்தது. தடுப்பூசிப் பக்கத்தில் 2, 4, 6 மாதங்கள், 9 மாதம், 12 மாதம், 18 மாதம் என்று ஒவ்வொன்றுக்கும் திகதி இருந்தது. எந்த வயதில் பிள்ளை எதைச் செய்யும் என்று பெற்றோரே பார்த்து அடையாளமிட வேண்டிய விருத்திப் பக்கம் மட்டும் வெள்ளையாகக் கிடந்தது. நிறை இறங்கினால் குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வந்து என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள் என்று கேட்பார். அந்தப் பக்கத்தைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அவரிடம் எத்தனை வீடுகள் இருக்கின்றன என்பதை அறிந்தவள் ஆகையால் அவரைக் குறை கூற எனக்கு மனமில்லை. ஆனாலும் ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பது, ஒன்றரை வயதுக்குள் விரும்பியதை விரலால் சுட்டிக் காட்டுவது, இரண்டு வயதில் "பால் தா", "அப்பா வா" என்று இரு சொற்களைச் சேர்ப்பது ஆகியவற்றில் ஒன்று தவறினால் வைத்தியரிடம் காட்ட வேண்டும் என்பதும், முன்பு சொல்லிய சொற்களைப் பிள்ளை இழந்துவிட்டால் எந்த வயதானாலும் உடனே காட்ட வேண்டும் என்பதும் நிறையைப் போலவே ஒவ்வொரு தாய்க்கும் சொல்லப்பட வேண்டியவை.

பிந்திக் கதைத்துப் பிறகு மற்றப் பிள்ளைகளோடு சமமாக வந்தவர்கள் நிறைய உண்டு. என் மகன் அப்படி வந்தவனே. ஆனால் இரண்டு வயதில் வைத்துப் பார்க்கும்போது எந்தப் பிள்ளை தானாகத் தேறும், எந்தப் பிள்ளை தேறாது என்பதைத் தாயாலும் பிரித்தறிய முடியாது, 31 வருட ஆசிரியையாலும் முடியாது. போய்க் காட்டி ஒன்றுமில்லை என்று வந்தால் இழப்பது ஒரு நாட் கூலியும் பஸ் காசும். அரச வைத்தியசாலையில் இதற்குக் கட்டணம் இல்லை. குடும்பநல உத்தியோகத்தரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ சொல்லிக் கடிதம் பெற்றால் மாவட்டப் பொது வைத்தியசாலையின் குழந்தைநல கிளினிக்குக்குப் போகலாம். வெருகலிலிருந்தும் குச்சவெளியிலிருந்தும் வரும் தாய்க்கு அந்த ஒரு நாளும் சிறிய விடயமல்ல என்பதை நான் மறக்கவில்லை. பலருக்கு வேறொரு பயமும் இருக்கிறது: காட்டினால் பெயர் வைத்துவிடுவார்கள், பெயர் வைத்தால் ஊர் அறிந்துவிடும். உண்மையில் பேச்சுப் பயிற்சி தொடங்குவதற்கு நோயின் பெயர் தேவையில்லை. எங்கள் பேரனுக்கு இன்றுவரை எந்தப் பெயரும் வைக்கப்படவில்லை, பயிற்சியோ பத்து மாதமாக நடக்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது காது. அவனுக்குக் காது கேட்கும் என்பதில் எங்கள் வீட்டில் எவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. அவனுக்குப் பின்னால் நின்று சில்வர் தட்டைக் கீழே போட்டு நானே சோதித்தேன், திடுக்கிட்டுத் திரும்பினான். செவிப்புலன் பரிசோதனையிலோ இரு காதுகளிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கியிருப்பது தெரியவந்தது. அடிக்கடி தடிமன் பிடிக்கும் பிள்ளைகளுக்கு இது வருவதுண்டாம். பெரும்பாலும் நோவு இருக்காது, காய்ச்சல் இருக்காது, காதிலிருந்து எதுவும் வடியாது. ஆகவே எவரும் கவனிப்பதில்லை. கடலில் மூழ்கியிருக்கும்போது கரையில் நிற்பவர் கூப்பிடுவது எப்படிக் கேட்குமோ அப்படித்தான் பிள்ளைக்கு எங்கள் பேச்சு கேட்கும். தட்டு விழுவதும் மோட்டார் சைக்கிள் போவதும் கேட்கும். "பல்", "பால்", "கால்" என்பவற்றுக்கு இடையிலான வேறுபாடு கேட்காது. அந்த நீர் பெரும்பாலான பிள்ளைகளில் மூன்று மாதங்களுக்குள் தானாகவே வற்றிவிடும், வற்றாவிட்டால் சிறு சத்திரசிகிச்சை உண்டு என்றார்கள். அவனுக்குத் தானாகவே வற்றியது, சொற்களும் கூடின. எல்லாம் அதனால் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். விளையாட்டிலும் மற்றப் பிள்ளைகளோடு சேர்வதிலும் இன்னும் கவனிக்க வேண்டியவை இருக்கின்றன. ஆனால் காதைப் பார்க்காமல் அவனுடைய புத்தியை அளக்கத் தொடங்கியிருந்தால் அந்த அளவீட்டுக்கு என்ன பெறுமதி இருந்திருக்கும்?

இதை எழுதும்போது யுத்த காலத்தில் என் வகுப்பில் இருந்த ஒரு மாணவனின் நினைவு வருகிறது. கடற்கரைக் கிராமம், இடம்பெயர்ந்து வந்த குடும்பம். கூப்பிட்டால் திரும்ப மாட்டான், சொல்வதெழுதலில் பாதியை விட்டுவிடுவான். அந்த நாட்களில் ஒரு பிள்ளை பேசாவிட்டாலும் பயந்தாலும் படிக்காவிட்டாலும் "ஷெல் சத்தத்துக்குப் பயந்துபோனது" என்று ஒரே காரணத்தைச் சொல்லி முடித்துவிடுவோம். அந்தக் காரணம் பல பிள்ளைகளுக்கு உண்மையாகவும் இருந்தது. அவனைக் கவனயீனத்துக்காக நான் அடிமட்டத்தால் தட்டியிருக்கிறேன். ஒருநாள் கொப்பி திருத்த அருகில் அழைத்தபோதுதான் அவன் காதிலிருந்து சீழ் நாற்றம் வந்தது. முன் வாங்குக்கு மாற்றி, வைத்தியசாலைக்கும் அனுப்பிய பிறகு சொல்வதெழுதலில் அவன் விட்ட சொற்கள் பாதியாகக் குறைந்தன. கண்ணும் அப்படித்தான், கரும்பலகை தெரியாத பிள்ளை அது தெரியாதென்று சொல்லாது, ஏனெனில் எல்லோருக்கும் அப்படித்தான் தெரிகிறது என்று அது நினைத்திருக்கும்.

அடுத்தது கேள்விக்கொத்து. ஓட்டிசத்துக்கான ஆரம்பச் சோதனையாக உலகின் பல நாடுகளில் பயன்படும் 20 கேள்விகள் கொண்ட பட்டியலொன்று இருக்கிறது; 16 முதல் 30 மாதம் வரையான பிள்ளைகளுக்கு உரியது, பெற்றோர் ஆம், இல்லை என்று பதில் சொன்னால் போதும். இப்போது அதைக் கைத்தொலைபேசியில் தேடி எடுத்துத் தாங்களே நிரப்பி, ஒன்றுமில்லை என்று நிம்மதியடைகிறவர்களும், எல்லாம் முடிந்தது என்று அழுகிறவர்களும் இருக்கிறார்கள். அது யாரை மேலும் பார்க்க வேண்டும் என்று பிரித்தெடுக்கும் கருவி மட்டுமே. எந்தப் பிள்ளைக்கு என்ன என்று அதனால் சொல்ல இயலாது. இலங்கையில் 18 முதல் 24 மாத வயதுப் பிள்ளைகளிடையே நடத்தப்பட்டு 2009 இல் வெளியான ஆய்வில் 93 பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற அளவில் ஓட்டிசம் கண்டறியப்பட்டது. அதே ஆய்வில் அந்தக் கேள்விக்கொத்தின் அன்றைய வடிவம் பாதிக்கப்பட்ட பிள்ளைகள் பலரைத் தவறவிட்டதும் தெரியவந்தது. எனக்கு அதில் வியப்பில்லை. "விரலால் சுட்டிக் காட்டுவானா" என்று கேட்டபோது, கையைப் பிடித்து இழுப்பதையும் சுட்டுவதாகவே எண்ணி "ஓம்" என்றவள் என் மகள். பிள்ளை வீட்டில் விளையாடுவதையும் சாப்பிடுவதையும் இரண்டிரண்டு நிமிடமாகக் கைத்தொலைபேசியில் படம்பிடித்துக் கொண்டுபோய்க் காட்டுவது அந்த ஓமையும் இல்லையையும் விடப் பயனுள்ளது.

மொழி பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. உறவினரின் வற்புறுத்தலால் பேரனை ஒருமுறை கொழும்பில் ஒரு தனியார் நிலையத்துக்குக் கொண்டுபோனோம். இரவு ரயிலில், பிள்ளை பாதி உறக்கத்தில். காலை ஒன்பது மணிக்குச் சோதனை. படங்கள் அச்சிட்ட அட்டைகளை மேசையில் பரப்பி, ஓரளவே தமிழ் தெரிந்த ஒருவர் தாளில் எழுதியிருந்ததைப் பார்த்து "நாற்காலி எங்கே?" என்று கேட்டார். பிள்ளை அவருடைய வாயைப் பார்த்தான். "பப்பாளி எங்கே?" அதற்கும் அப்படியே. மகளுக்குப் பொறுக்கவில்லை. "தம்பி, கதிரை எங்க?" என்றாள், உடனே அட்டையில் கையை வைத்தான். பெற்றோர் இடையில் பேசக் கூடாது என்று அவளைக் கண்டித்தார்கள். அந்த விதி சரியானதுதான், மறுக்கவில்லை. ஆனால் கதிரையையும் பப்பாசியையும் மட்டுமே அறிந்த பிள்ளையிடம் நாற்காலியையும் பப்பாளியையும் கேட்டுவிட்டு, விளங்கவில்லை என்று புள்ளி குறைப்பது எந்த விதியில் சேர்த்தி? வீட்டில் "வாறன்" என்று கேட்டு வளர்ந்த பிள்ளையிடம் "வருகிறேன்" என்பதை வைத்து அளப்பதும் இதே வகைதான்.

ஆறு பக்க அறிக்கை ஆங்கிலத்தில் வந்தது. எங்களுக்கு விளங்கியது நுண்ணறிவு ஈவு (ஐ.கியூ.) என்று போட்டிருந்த ஓர் எண் மட்டும். அந்த எண்ணோடு மகள் இரண்டு இரவு உறங்கவில்லை. நடுப்புள்ளி 100 என்பதும், மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் 85 க்கும் 115 க்கும் இடையில் நிற்பார்கள் என்பதும், அவ்வளவு சிறு வயதில் எடுக்கும் எண் பிள்ளை வளர வளர மாறக்கூடியது என்பதும், களைத்த பிள்ளையிடம் வேற்றுச் சொற்களில் எடுத்த எண் அதைவிடவும் நம்பத்தகாதது என்பதும் பிறகு இங்குள்ள வைத்தியர் ஒருவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். ஆகவே மதிப்பீட்டுக்குப் போகும் பெற்றோர் பணம் கட்டும் முன்பே கேட்க வேண்டியவற்றைக் கேட்டுவிடுவது நல்லது: சோதிப்பவர் எங்கள் தமிழ் பேசுவாரா, பிள்ளையை ஒரு நாளுக்கு மேல் பார்ப்பாரா, அறிக்கையை எங்களுக்கு உட்கார்ந்து விளக்குவாரா, முன்பள்ளி ஆசிரியை திங்கட்கிழமை முதல் எதை மாற்றிச் செய்ய வேண்டும் என்று அதில் எழுதுவாரா. கடைசிக் கேள்விக்கு விடையில்லாத அறிக்கை அலுமாரிக்குத்தான் போகும். வீட்டில் தமிழை விட்டு ஆங்கிலத்தில் மட்டும் பேசுங்கள் என்று சொல்வோரும் இருக்கிறார்கள். இரண்டு மொழிகள் கேட்பதால் பிள்ளைக்குப் பேச்சு பிந்துவதில்லை. தாய்க்கு முழுதாக வராத மொழியில் தாய் பேசினால் பிள்ளைக்குக் கிடைக்கும் பேச்சுத்தான் குறையும்.

இனி ஆறு வயதுப் பதற்றம். எங்கள் அயலில் ஒரு பெண்பிள்ளை. இவ்வருடம்தான் தரம் 1 இல் சேர்ந்தாள். வகுப்பு தொடங்கிச் சில வாரங்களிலேயே, எழுத்து வரவில்லை, சோதித்து அறிக்கை கொண்டுவாருங்கள், இல்லையேல் விசேட கல்வி அலகுள்ள வேறிடம் பாருங்கள் என்று பாடசாலையில் சொல்லிவிட்டார்களாம். தரம் 1 இல் இருந்தவள் என்ற முறையில் இதை நான் வன்மையாக மறுக்கிறேன். எங்கள் எழுத்துக்கள் 247. "கெ" என்ற எழுத்தில் கொம்பு முன்னால் வருகிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. "கொ" வில் ஒலி ஒன்று, குறி இரு பக்கமும். ள, ழ இரண்டும் எங்கள் வாயில் வேறுபடுவது அரிது, கொப்பியில் வேறுபட்டே ஆக வேண்டும். ஐந்தரை வயதுப் பிள்ளை இவற்றில் தடுமாறுவதும், எழுத்தைக் கண்ணாடியில் பார்த்ததுபோலத் திருப்பி எழுதுவதும் குறைபாடு அல்ல. வாசிப்புக் குறைபாடு என்ற முடிவுக்கு வர, உரிய உதவி கொடுத்த பின்பும் தடுமாற்றம் ஆறு மாதமேனும் நீடித்திருக்க வேண்டும் என்று 2013 இல் வெளியான அமெரிக்க உளமருத்துவச் சங்கக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பே சொல்கிறது. உதவியே கொடுக்காமல் அறிக்கை கேட்பது எந்த ஒழுங்கு? எங்கள் நாட்டு ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் 1999 இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தபோது, தரம் 1 இன் தொடக்க வாரங்களில் பிள்ளைகளை விளையாட்டுச் செயற்பாடுகள் மூலம் இனங்காண வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். யாரைச் சேர்ப்பது, யாரை விலக்குவது என்று பார்ப்பதற்காக அல்ல, எங்கிருந்து கற்பிக்கத் தொடங்குவது என்று அறிவதற்காக. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனத்தில் சேர்ப்பதில் பாரபட்சம் காட்டக் கூடாது என்கிறது. இயலாமை உள்ள பிள்ளைக்கே அப்படியென்றால், எழுத்துப் பிந்திய பிள்ளையை அனுப்ப எவருக்கு உரிமை?

பொறுக்க வேண்டும் என்று நான் சொல்வது குறைபாட்டின் பெயருக்காகவே; உதவிக்காக அல்ல. "ப-லாப்-ப-ழம்" என்று கை தட்டிப் பிரிக்கத் தெரியாத பிள்ளை, ஒத்து ஒலிக்கும் சொற்களைக் கண்டுகொள்ளாத பிள்ளை, தகப்பனோ தமையனோ வாசிப்பில் இடர்ப்பட்ட குடும்பத்துப் பிள்ளை ஆகியோருக்கு அன்றே கூடுதல் கவனம் தொடங்கலாம். அதற்கு ஆறு பக்க அறிக்கை வேண்டியதில்லை, பத்து நிமிடமும் ஒரு பொறுமையான ஆசிரியையும் போதும். அதற்குப் பின்னும் நகராவிட்டால் ஏழு வயதில் முழு மதிப்பீடு செய்யுங்கள். அப்போது வரும் அறிக்கை பிற்காலத்தில் பரீட்சையில் மேலதிக நேரம் கேட்பதற்கும் உதவும்.

அதிகாரிகளிடம் இரண்டு வேண்டுகோள்கள் உண்டு. தமிழ் 1987 இல் 13 ஆவது திருத்தத்தின் மூலம் அரசகரும மொழியாயிற்று. ஆகவே அரச வைத்தியசாலைகளிலிருந்து தமிழ்ப் பெற்றோருக்குத் தரப்படும் மதிப்பீட்டு அறிக்கையில் ஒரு பக்கச் சுருக்கமாவது தமிழில் இருக்க வேண்டும். இரண்டாவது, களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடத்தில் பேச்சு, செவிப்புலன் துறைப் பட்டப்படிப்பு நடக்கிறது; அதற்குக் கிழக்கிலிருந்து தமிழ் பேசும் பிள்ளைகள் கூடுதலாகப் போக வழிசெய்வதோடு, எங்கள் வீட்டுச் சொற்களில் படஅட்டைத் தொகுதி ஒன்றையும் உருவாக்க வேண்டும். கதிரை, பப்பாசி, தோடம்பழம், சவர்க்காரம், கடகம், சுளகு என்று பட்டியலைத் தொடங்கித்தர ஓய்வுபெற்ற ஆசிரியைகள் கிண்ணியாவிலும் மூதூரிலும் நகரத்திலும் ஏராளமாக இருக்கிறோம். கூலி கேட்க மாட்டோம்.

மகள் இப்போது ஒரு கொப்பியில் பேரன் புதிதாகச் சொல்லும் சொற்களைத் திகதியோடு எழுதி வருகிறாள். சென்ற ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும் வழியில், கோட்டைக்குள் வேலியோரம் நின்ற புள்ளிமானைப் பார்த்து "மான்" என்றான். எவருடைய கையையும் பிடித்து இழுக்காமல் தன் விரலை நீட்டிச் சொன்னான். அது 143 ஆவது சொல். அடுத்த கிளினிக்குக்கு அந்தக் கொப்பியையும், இம்முறை நிரப்பப்பட்ட விருத்திப் பக்கத்தையும் எடுத்துச் செல்கிறோம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆரம்பப் பிரிவு ஆசிரியை,
உப்புவெளி, திருகோணமலை.